பன்னிரண்டாவது துணி

தறி என்பது அவர் பெயரில்லை. உட்கார்ந்தால் இரண்டு கால்களும் மாறி மாறி மிதித்துக்கொண்டே இருக்கும். நெசவு வாசனையே தெரியாத ஆள், ஆனால் அந்தக் கால்களைப் பார்த்தால் சாயங்காலத்துக்குள் ஒரு வேட்டி நெய்து முடித்துவிடுவார் என்று தோன்றும். காவலாளிகளில் எவனோ ஒருவன் விளையாட்டாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. வருகைப் பதிவேட்டைத் தவிர எல்லா இடத்திலும் அவர் தறிதான்.

காவல் கம்பெனி ஒன்றின் துப்பாக்கி அறை அவர் பொறுப்பு. இரும்புக் கதவு, கைநீட்டிப் பொருள் கொடுக்க ஒரு கம்பி ஜன்னல், நீளமான மர மேஜை, சுவரில் பன்னிரண்டு ஒற்றைக்குழல் துப்பாக்கிகள். வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் நிற்கிற காவலாளிகள் காலையில் வந்து ஜன்னலில் வாங்கிப்போவார்கள், மாலையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். இரவில் துருப்பிடிக்காமல் இருக்கக் குழலுக்குள் எண்ணெய் விடுவதும், காலையில் அந்த எண்ணெயைத் துடைத்து எடுப்பதும் தறியின் வேலை. இருபத்தெட்டு வருடமாக இதைத்தான் செய்கிறார்.

அதற்கு ஒரு கயிறு உண்டு. ஒரு முனையில் விரல் நீளத்துக்குப் பித்தளைக் குண்டு, மறுமுனையில் வளையம். துப்பாக்கியை மடக்கித் திறந்து குழலின் பின்பக்கமாகக் குண்டைப் போட்டால் வாய்ப்பக்கமாக வந்து விழும். வளையத்தில் துணியைச் செருகி, குண்டைப் பிடித்து ஒரே மூச்சில் நேராக இழுக்க வேண்டும். கோணலாக இழுத்தால் கயிறு குழலின் வாயைத் தேய்த்துவிடும். நடுவில் நிறுத்தினால் துணி இறுகிக்கொள்ளும். இந்தத் துப்பாக்கிகளில் வாய்க்குச் சற்று முன்னால் குழல் கொஞ்சம் ஒடுங்கும், அங்கேதான் கயிறு முரண்டு பிடிக்கும். அந்த இடத்தில் கையின் வேகம் மாறாமல் இழுப்பவன்தான் வேலைக்காரன்.

ஒரு துப்பாக்கிக்கு ஒரு துணி. திருப்பிப் போட்டு மூன்று இழுப்பு. பிறகு அந்தத் துணியை மேஜையில் அந்தத் துப்பாக்கியின் எண்ணுக்கு நேராக வைப்பார். பன்னிரண்டு துணியும் மேஜையில் இருந்தால் பன்னிரண்டு குழலும் காலி. கடைசியாக ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே பிடித்துக் குழலுக்குள் பார்ப்பார். உள்ளே கண்ணாடி வளையல்களை அடுக்கி வைத்தது போல வெளிச்சம் தெரிய வேண்டும்.

துணி வீட்டிலிருந்து வரும். மனைவியின் நைந்துபோன நைட்டிகள். இப்போது வெட்டிக்கொண்டிருப்பது மஞ்சள் பூப் போட்டது. "அண்ணி நைட்டி இல்லாட்டி இந்த ஊர்ல ஒரு வங்கிக்கும் பாதுகாப்பு இல்ல" என்று காவலாளிகள் சொல்வார்கள். தறி கோபப்படமாட்டார். பழைய பருத்தியைப் போல எண்ணெய் குடிக்கிற துணி கடையில் கிடைக்காது என்று பதிலுக்கு ஒரு விரிவுரையே நடத்துவார்.

வீட்டிலும் அந்த மனுஷன் சும்மா இருப்பவரில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய், மிக்ஸியின் மூடி ஓட்டை, சைக்கிள் பம்ப் எல்லாவற்றிலும் கயிறு விட்டு இழுத்தாயிற்று. "இந்த வீட்டுல பாக்கியிருக்கிற ஓட்டை என் காது ரெண்டும்தான்" என்பாள் மனைவி. அதைவிட அவளுக்கு வேடிக்கை, காலையில் அவர் கிளம்பும் சடங்கு. சமையலறைக்குப் போய் கேஸ் குமிழைத் தொட்டுப் பார்ப்பார். செருப்பு மாட்டுவார். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் போய்த் தொடுவார். தெருவில் பத்தடி போன பிறகு மூன்றாவது முறை வருவார். மூன்றாவது தொடுதலுக்கு அவள் கதவைத் திறந்தே வைத்திருப்பாள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மைத்துனன். மனைவியின் தம்பி. அதே கம்பெனியில் காவலாளி, ஏழாம் எண் துப்பாக்கி அவனுடையது. வேலைக்குச் சேர்த்துவிட்டதே தறிதான். நல்ல பையன், நிதானமானவன், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். குறை ஒன்றே ஒன்று. ஜன்னலில் துப்பாக்கியை வாங்கியதும் மடக்கித் திறந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, குழலுக்குள் ஒரு பார்வை பார்ப்பான். மற்ற பதினொரு பேரும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போகும்போது இவன் மட்டும் நின்று பார்ப்பான், அதுவும் மாமாவின் முகத்துக்கு நேரே. ஒன்பது வருடமாகத் தறி அதை மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அது தொண்டைக்கு மேலே வந்துவிட்டது. மைத்துனன் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தான்.

"மாப்ளே, பன்னெண்டு பேர்ல உனக்கு மட்டும் என்ன அப்படி ஒரு கண்ணு?"

"எது மாமா?"

"குழல்ல. தினமும் என்னத்தைத் தேடுற?"

"தேடல மாமா. பழக்கம்."

"பழக்கம் இல்ல, சந்தேகம். உன் மாமன் கையால துடைச்சதை உன் மாமன் எதிர்லயே சோதிக்கிற. மத்தவனெல்லாம் சிரிக்கிறான்."

"யாரும் சிரிக்கல மாமா."

"நான் சொல்றேன், சிரிக்கிறான். இனிமே பார்க்கிறதா இருந்தா இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே."

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன மறுநிமிடமே அவருக்கும் அது தெரிந்தது. ஆனால் சொன்ன சொல்லைக் கயிறு கட்டியா இழுக்க முடியும்? மனைவி குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தம்தான் அதற்கு வந்த பதில். மைத்துனன் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினான்.

திங்கள் காலை அவன் துப்பாக்கியை வாங்கினான், திறக்காமலே தோளில் மாட்டினான். "பார்க்கல மாமா. சரிதானே?" என்று சிரித்தான். செவ்வாயும் அப்படியே. தறிக்கு மனசு குளிர்ந்தது. இப்படிப்பட்ட வெற்றிகளுக்காகத்தான் மனுஷன் பாதி வாழ்க்கையை வீணாக்குகிறான்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு சூப்பர்வைசரிடமிருந்து போன். வருஷாந்தரச் சுடும் பயிற்சி நாளைக்கு என்றிருந்தது இன்றைக்கே என்று மாறிவிட்டதாம். ஊருக்கு வெளியே பழைய கல் குவாரியில் பத்தரைக்குத் தொடங்க வேண்டும். வண்டி எட்டு மணிக்கு.

"எட்டா? பன்னெண்டு குழல் துடைக்க ஒன்றரை மணி நேரம் வேணும் சார். எண்ணெயோட சுடக் கூடாது."

"அதுக்குத்தானே புதுக் கயிறு வாங்கிக் கொடுத்தேன். பத்து செகண்டுக்கு ஒரு குழல். சீக்கிரம் வாங்க."

தறி சட்டைப் பித்தான்களை வழியில் போட்டுக்கொண்டு ஓடினார். சமையலறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவி வெகுநேரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் புதுக் கயிறு போன மாதம் வந்தது. கட்டை விரல் கனத்துக்குப் பின்னிய கயிறு, நடுவில் செப்புக் கம்பித் தூரிகையையும் சேர்த்தே பின்னியிருக்கும். துணி வேண்டாம், மூன்று இழுப்பு வேண்டாம். ஒரே இழுப்பில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு வந்துவிடும். காவலாளிகள் அதற்குப் பாம்பு என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் அது நல்ல சாமான். தறிதான் நம்பவில்லை. துணியில் அழுக்கு தெரிந்தால் குழலில் அழுக்கில்லை என்று சொல்லலாம், இந்தப் பாம்பு தின்றதை யார் பார்ப்பது என்பார். அதன் வால் முனையில் ஒரு சின்ன வளையம் இருந்தது. கழுவி ஆணியில் காயப் போடுவதற்காக வைத்தது. தறி அதில் தன் பங்குக்கு ஒரு மஞ்சள் பூத் துணியைச் செருகிக்கொள்வார். சூப்பர்வைசருக்குத் தெரியாது. தொங்கப் போடுகிற வளையம் துணியை இறுக்கிப் பிடிக்காது என்பது தறிக்குத் தெரியும், ஆனாலும் செருகுவார்.

அன்று பாம்பையே எடுத்துக்கொண்டு, அதற்குப் பன்னிரண்டு துணி வெட்டினார். முதல் நான்கு துப்பாக்கிகளை முறைப்படி இழுத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அதற்குள் வெளியே வண்டிக்காரன் ஹாரனில் கையை வைத்துவிட்டான். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளேயும் கை போகாது, குழலுக்குள் கண் எங்கே போகும்? இழுத்தார், துணியை உருவி மேஜைக்கு அடியிலிருந்த கூடையில் எறிந்தார், அடுத்ததை இழுத்தார். எண்ணுக்கு நேராகத் துணி வைக்கிற கணக்கு அன்றைக்கு இல்லை. ஜன்னலில் மைத்துனன் வந்து ஏழாம் எண்ணை வாங்கினான். திறக்கவில்லை. வழக்கம் போல ஒரு சிரிப்பு. வண்டி போய்விட்டது.

தறி மற்ற வேலைகளைப் பார்த்தார். தோட்டாப் பெட்டிகளை அடுக்கினார், பதிவேட்டில் எழுதினார், மேஜையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். பத்து மணிக்கு அழுக்குத் துணிகளை அலசலாம் என்று கூடையைக் கவிழ்த்து எண்ணினார்.

பதினொன்று.

திரும்ப எண்ணினார். கூடையை உதறினார். பதினொன்று.

குழலுக்குள் துணி இருக்கும்போது சுட்டால் குழல் வெடிக்கும். வாய்ப்பக்கம் ஒடுங்குகிற இடத்தில், அதாவது துப்பாக்கியைத் தாங்குகிற இடது கைக்குச் சற்று முன்னால். வெடித்த குழல் ஒன்றை அவர் பார்த்திருக்கிறார், வாழைப்பழத் தோல் உரித்தது போல இருந்தது. அந்த ஆளின் கையை அவர் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

உடனே கிளம்பியிருக்க வேண்டும் அல்லவா? கிளம்பவில்லை. மேஜைக்கு அடியில் முழங்கால் போட்டுத் தேடினார். அலமாரிக்குப் பின்னால் தேடினார். தன் சட்டைப் பையில், செருப்பின் அடியில். வெட்டியது பன்னிரண்டா பதினொன்றா என்று மீதித் துணியை விரித்து வைத்து, காணாமல்போன சதுரங்களை விரலால் அளந்தார். கைதான் தேடியது. மனசு முழுக்க ஒரே யோசனை: சூப்பர்வைசரிடம் என்ன சொல்வது, புதுக் கயிற்றில் ஏன் துணி கட்டினாய் என்றால் என்ன சொல்வது, மைத்துனன் முகத்தில் எப்படி விழிப்பது. பத்து நிமிடம் இப்படிப் போயிற்று.

பிறகு போன் செய்தார். மைத்துனன் எடுக்கவில்லை. சூப்பர்வைசர் எடுக்கவில்லை. பயிற்சி இடத்தின் வாயிலில் போன்களை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டுவது வழக்கம். அப்படியென்றால் எல்லாரும் உள்ளே போயாயிற்று. தறி இரும்புக் கதவைப் பூட்டினாரா இல்லையா என்பது அவருக்கே நினைவில்லை. ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

அரை மணி நேரப் பாதை. வண்டிக்கு வாயிருந்தால் அழுதிருக்கும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது கால் இரண்டும் தரையில் தறி மிதித்தது. தெரியாத மனிதர்களையெல்லாம் திட்டினார். கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த கடைக்காரனை, சாலையைக் கடக்கிற பள்ளிக்கூடக் கும்பலை, மெதுவாகப் போகிற தண்ணீர் லாரியை. அவர்களெல்லாம் தங்கள் பாட்டுக்குத் தங்கள் காலையை நடத்திக்கொண்டிருந்தார்கள். மனசுக்குள் வந்துகொண்டே இருந்தது ஏழாம் எண்தான். பன்னிரண்டில் எதில் வேண்டுமானாலும் துணி இருக்கலாம் என்று அறிவு சொன்னது. ஆனால் ஒன்பது வருடம் பார்த்தவனைப் பார்க்காதே என்று சொல்லி மூன்றே நாள் ஆகியிருந்தது.

குவாரிச் சாலையில் திரும்பும்போது சத்தம் கேட்டது. டம். டம், டம். அவர் வண்டியை ஓட்டியபடியே எண்ணப் பார்த்தார். ஒவ்வொரு சத்தமும் வெறும் சத்தமாக இருக்க வேண்டுமே என்று நினைத்தார். அப்புறம் சத்தம் நின்றது, அது இன்னும் மோசமாக இருந்தது.

வாயிலில் ஒரு கம்பம், அதில் சிவப்புக் கொடி. கொடி மேலே இருந்தால் உள்ளே சுடுகிறார்கள் என்று அர்த்தம், யாரும் நுழையக் கூடாது. வாயில்காரன் தடியைக் குறுக்கே நீட்டினான்.

"கொடி ஏறியிருக்கு. உள்ள விட முடியாது."

"துப்பாக்கியில துணி இருக்குப்பா. கை போயிடும்."

"என்ன துணி? எந்தக் கை? கொடி இறங்கட்டும், போங்க."

கத்திப் பயனில்லை, உள்ளே எல்லாரும் காதை அடைத்திருப்பார்கள். தறி கொடியைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், கம்பத்தில் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தார். கயிறு என்றால் அவருக்குச் சொல்லித் தர வேண்டுமா? வாயில்காரன் சட்டையைப் பிடிப்பதற்குள் முடிச்சை அவிழ்த்து ஒரே மூச்சில் நேராக இழுத்தார். கொடி சரசரவென்று இறங்கி இருவர் தலையிலும் விழுந்தது.

உள்ளே விசில் ஊதியது. கொடி இறங்கினால் சுடுவதை நிறுத்த வேண்டும், அது விதி. இரண்டாம் வரிசை நான்கு பேர் தோட்டாவைக் கையில் எடுத்த நிலையில் நின்றார்கள். சூப்பர்வைசர் முகம் சிவந்து ஓடி வந்தார்.

"என்ன தறி இது? பைத்தியமா?"

"ஒரு துணி குறையுது சார். எல்லாக் குழலையும் தெறக்கச் சொல்லுங்க."

அவர் கண் மைத்துனனைத் தேடியது. முதல் வரிசை சுட்டு முடித்து ஓரமாக நின்றிருந்தது. அதில் அவனும் இருந்தான். தண்ணீர்ப் பாட்டிலை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான், இரண்டு கையும் முழுசாக இருந்தன. தறிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மற்ற எட்டுத் துப்பாக்கிகளையும் திறந்து வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். எட்டிலும் வெளிச்சம். துணி இல்லை. முதல் வரிசை நான்கும் சுட்டாகிவிட்டது, அவற்றில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

"பன்னெண்டு வெட்டினீங்களா, பதினொன்னா?" என்றார் சூப்பர்வைசர்.

"பன்னெண்டுன்னுதான் நெனச்சேன்."

"புதுக் கயித்துக்குத் துணி எதுக்கு? சொன்னேனா இல்லையா?" அவர் இன்னும் நிறையச் சொன்னார், எல்லார் முன்னாலும். காவலாளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் கொடியை மடித்துக் கொண்டுவந்து, "அண்ணே, இதுல பன்னெண்டு துண்டு வரும்" என்றான். மைத்துனன் மட்டும் சிரிக்கவில்லை. தறிக்கு அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கு அடியில் ஒரு நிம்மதி. எண்ணத் தெரியாத முட்டாள் என்ற பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வாசலில் மைத்துனனின் செருப்பு கிடந்தது. உள்ளே அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். சாப்பாட்டு மேஜையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், எண்ணெயில் கறுத்த ஒரு சதுரத் துணி இருந்தது. ஓரத்தில் ஒரு மஞ்சள் பூ பாக்கி இருந்தது.

தறி நின்றபடியே கேட்டார்.

"எதுல?"

"ஏழுல, மாமா."

"எப்போ?"

"டீசல் போட வண்டி நின்னப்போ. நான் மட்டும் பின்னால போய்ப் பார்த்தேன். வாய்ப்பக்கம் இருட்டா இருந்துச்சு. ஒரு மூங்கில் குச்சியால தள்ளி எடுத்தேன். அப்புறம் யார் குழல் ரொம்பப் பளபளக்குதுன்னு பந்தயம் கட்டி மத்தவங்களோடதையும் வாங்கிப் பார்த்துட்டேன். ஒன்னும் இல்ல."

"அங்க ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க வேலை போயிருக்கும். எண்ணினது தப்புன்னு இருக்கட்டும்னு விட்டேன்." அவன் கீழே பார்த்தான். "நீங்க சொன்னதுக்காகப் பார்க்காமத்தான் இருந்தேன் மாமா. அக்கா போன் பண்ணிச்சு."

தறி மனைவியைப் பார்த்தார்.

"இருபத்தெட்டு வருஷமா மூணு தடவை தொட்டுட்டுப் போற மனுஷன்," என்றாள் அவள். "இன்னிக்கு ஒரு தடவைகூட கேஸைத் தொடல. கதவைத் தெறந்து வச்சுக்கிட்டு நின்னேன், நீங்க வரல. மனசு கேக்கல, எட்டு மணிக்கு மேல இவனுக்குப் போன் போட்டேன். உன் மாமா இன்னிக்கு அவர் நிலையில இல்ல, துப்பாக்கியைப் பார்த்து வாங்குடான்னேன். அதுக்குள்ள வாங்கிட்டேன், வண்டியில இருக்கேன்னான். அப்ப வண்டியிலயே பாருன்னேன்."

தறி நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் தேடியது, ஸ்கூட்டரில் ஓடியது, கொடியை இறக்கியது எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"நீ முதல் வரிசைதானே," என்றார் மைத்துனனிடம்.

"ஆமா மாமா. முதல் ஆளு."

அவர் குவாரிச் சாலையில் திரும்பியபோது கேட்ட முதல் சத்தம் இவனுடையதாக இருந்திருக்கலாம். அல்லது அதற்கும் முன்னால் இவன் சுட்டிருக்கலாம். பத்து நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தால் ஒருவேளை தடுத்திருக்கலாம். கிளம்பிய நேரத்துக்குக் கிளம்பி அவர் எதையும் தடுக்கவில்லை. தறிக்கு அழுகை வந்தது. மைத்துனன் எதிரில் அழுதார், வெட்கப்படவில்லை.

"நான் உடனே வரல மாப்ளே. பத்து நிமிஷம் மேஜைக்கு அடியில துணியைத் தேடினேன். என் பேரு கெட்டுப்போகுமேன்னு தேடினேன்."

அது பரவாயில்லை என்று சொல்லக்கூடிய விஷயமில்லை என்று மூவருக்கும் தெரிந்திருந்தது. தறி போனை எடுத்தார். மைத்துனன் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தான், அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நான்தான். துணி கிடைச்சிருச்சு. நான் எண்ணினது சரி. ஏழாம் நம்பர் குழல்ல இருந்திருக்கு... ஆமா சார். பார்க்காமக் கொடுத்தேன். பார்க்கிறவனையும் பார்க்காதேன்னு சொன்னதும் நான்தான். காலையில வரேன், சாவியை வாங்கிக்கிறதுன்னா வாங்கிக்குங்க."

மறுமுனையில் சூப்பர்வைசர், "காலையில வாங்க, பேசலாம்" என்று மட்டும் சொன்னார். அது நல்லதா கெட்டதா என்று தறிக்குத் தெரியவில்லை.

மனைவி சாப்பாட்டைச் சூடாக்கி எடுத்து வந்தாள். அந்தத் துணியை யாரும் எடுக்கவில்லை, அதைச் சுற்றித்தான் தட்டுகளை வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டதும் தறி எழுந்து சமையலறைக்குப் போனார். கேஸ் குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுந்து போய்த் தொட்டுவிட்டு வந்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவள் ஏதாவது கேலி சொல்வாள்.

"இன்னொரு தடவை இருக்கு," என்றாள். "போய்த் தொட்டுட்டு வாங்க."